சொந்த முயற்சியில் ஆங்கிலம்: தன்னம்பிக்கை குலையாமல் கற்பது எப்படி?

கல்லூரிப் படிப்பை முடித்த ஆண்டில், கிண்டியில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன் என்பதால், என்னைப் பற்றிய அறிமுக உரை ஒன்றை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, ஒரு வாரம் மனப்பாடம் செய்திருந்தேன். என் குறிக்கோள், என் பலம், என் பலவீனம் எல்லாம் அதில் கனமான சொற்களில் இருந்தன. எதிரே அமர்ந்திருந்தவர் அதைக் கேட்கவே இல்லை. "இன்று இங்கே எப்படி வந்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் இயல்பாக விசாரித்தார். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன், கூட்டமாக இருந்தது, கிண்டியில் இறங்கி நடந்து வந்தேன் என்பதுதான் விடை. ட்ரெயின், ஸ்டேஷன், டிக்கெட், லேட் என்று அந்த விடைக்கு வேண்டிய சொற்களில் பெரும்பாலானவை பள்ளிக்கே போகாத என் பாட்டிக்கும் தெரிந்தவை. ஆனாலும் என் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம்கூட வரவில்லை.

எனக்குச் சொல்வளம் போதவில்லை என்றே அதன்பின் பல மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள்கூட என் அன்றாட வாழ்க்கையை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிப் பார்த்ததில்லை என்பது பிறகுதான் உறைத்தது. செய்தே பார்த்திராத ஒரு காரியத்தில் எவருக்கும் துணிவு பிறக்காது. தன்னம்பிக்கை வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். 'இதை நேற்றும் செய்தேன், முந்தாநாளும் செய்தேன்' என்று தன் மனத்துக்குத் தானே காட்டிக்கொள்ளச் சான்று வைத்திருப்பவருக்குத்தான் அது வருகிறது. ஆகவே, வகுப்போ ஆசிரியரோ இல்லாமல் தாமாகவே ஆங்கிலம் கற்க முனையும் இளைஞர்கள், அத்தகைய சான்றுகளை நாள்தோறும் சேர்த்துக்கொள்ளும்படி தங்கள் பயிற்சியை அமைத்துக்கொள்வது எப்படி என்பதையே இங்கே எழுதுகிறேன்.

கூச்சம் எங்கிருந்து வருகிறது

பாலக்காட்டுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போனால் தெரிந்த அளவு மலையாளத்தில் தப்பும் தவறுமாகப் பேசிச் சமாளிக்கிறோம். கூச்சம் நம்மைத் தடுப்பதில்லை. எதிரில் இருப்பவரும் நாம் சொல்ல வருவதைப் புரிந்துகொண்டு உதவுகிறார். அதே தவறுகளை ஆங்கிலத்தில் செய்தால் மட்டும் முகம் சிவந்துபோகிறது. நம் ஊரில் ஆங்கிலம் வெறும் மொழியாக இல்லாமல், எந்தப் பள்ளியில் படித்தவர், எந்த வீட்டிலிருந்து வந்தவர் என்பதைக் காட்டும் அடையாளமாகவும் ஆகிவிட்டதுதான் இதற்குக் காரணம். ஒரு வினைச்சொல்லைப் பிழையாகச் சொன்னால் நம் குடும்பமே அம்பலப்பட்டுவிட்டதைப் போல உணர்கிறோம். இந்தக் கூச்சத்துக்கும் உங்கள் அறிவுக்கும் தொடர்பில்லை என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இலக்கணப் பிழையைப் பயிற்சியால் திருத்தலாம். பிறந்த வீட்டைத் திருத்த வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியையும் மனத்தில் இருத்துங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலத்தைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் இந்தியா முழுவதிலும் சுமார் 2.6 லட்சம் பேர்தான். அலுவலகத்திலோ வங்கியிலோ நீங்கள் ஆங்கிலத்தில் பேச நேரும் மனிதர், அநேகமாக உங்களைப் போலவே அதை இரண்டாம் மொழியாகக் கற்றவராகத்தான் இருப்பார். சற்று முன்பே தொடங்கியவர், அவ்வளவுதான்.

முதல் மாதம்: இன்று நடந்தது மட்டும்

முதல் மாதத்தில் இலக்கணப் புத்தகம் வேண்டாம். அறிமுக உரையும் வேண்டாம். ஒவ்வோர் இரவும் கைப்பேசியின் ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து, அன்று நீங்கள் செய்ததை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். எழுந்தது, சாப்பிட்டது, பேருந்துக்குக் காத்திருந்தது, யாரோ திட்டியது, மழை வந்தது என்று எதுவாகவும் இருக்கலாம். வாக்கியங்கள் நான்கைந்து சொற்களுக்கு மேல் போகத் தேவையில்லை. ஒரு சொல் தெரியவில்லையென்றால் அந்த இடத்தில் தமிழ்ச் சொல்லையே போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். நின்றுவிடக் கூடாது என்பதுதான் ஒரே விதி. பதிவு முடிந்ததும், எந்தெந்த இடங்களில் தமிழ்ச் சொல் வந்ததோ அவற்றில் இரண்டை மட்டும் அகராதியில் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலாகச் செய்த பதிவு ஐம்பது நொடிகூட இல்லை. அதில் ஏழு முறை 'அப்புறம்' என்று தமிழிலேயே சொல்லியிருந்தேன். மறுநாள் அந்த ஒரு சொல்லுக்காக 'தென்', 'ஆஃப்டர் தட்' என்ற இரண்டையும் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் 'அப்புறம்' காணாமல் போய்விட்டது. இப்படிச் சிறிய குறை ஒன்றைக் கண்டுபிடித்து, அது நீங்கியதைக் காதாலேயே கேட்பது தரும் தெம்பை எந்தப் பாராட்டும் தருவதில்லை.

மாதத்தின் முதல் நாள் பதிவை மட்டும் தேதியிட்டு அழிக்காமல் வைத்திருங்கள், மற்றவற்றை அழித்துவிடலாம். உங்கள் முன்னேற்றத்தை அளக்க வேறு அளவுகோல் வேண்டாம். அன்றாடம் பார்க்கும் செடி வளர்வது நம் கண்ணுக்குத் தெரியாததைப் போலவே, அன்றாடம் பேசும் மொழி வளர்வதும் நமக்குத் தெரிவதில்லை. மூன்று மாத இடைவெளியுள்ள இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் ஐயத்துக்கு இடமிருக்காது.

தமிழ் இலக்கணத்தைக் கைவிடாதீர்கள்

ஆங்கிலத்தில் சிந்தித்தால்தான் ஆங்கிலம் வரும், தமிழை மறந்துவிடுங்கள் என்று சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். பதினெட்டு வயதுக்கு மேல் தொடங்குபவருக்கு இந்த அறிவுரை பயன்படாது என்பதே என் கருத்து. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், வேற்றுமை உருபு, பெயரெச்சம் என்று பள்ளியில் படித்தவை உங்களிடம் இருக்கும் பெரிய முதலீடு. இரு மொழிகளும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதை அந்தக் கருவிகளைக் கொண்டே பார்த்துவிடலாம்; தம் பிழை ஏன் நிகழ்கிறது என்று தெரிந்தவருக்கு அந்தப் பிழையைக் கண்டு அச்சம் இராது.

பெரும்பாலான பிழைகள் நான்கைந்து இடங்களிலிருந்தே வருகின்றன. முதலாவது, வாக்கிய வரிசை. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து உடனே வரும். 'நான் நேற்று மதுரைக்குப் போனேன்' என்பதில் கடைசியில் இருக்கும் 'போனேன்' இரண்டாம் இடத்துக்கு ஏற வேண்டும்: 'ஐ வென்ட் டு மதுரை எஸ்டர்டே.' மதுரையை ஒட்டிப் பின்னால் நின்ற 'கு' என்ற உருபு, 'டு' என்ற தனிச் சொல்லாகி மதுரைக்கு முன்னால் வந்துவிட்டதைக் கவனியுங்கள். யார், என்ன செய்தார் என்ற இரண்டையும் முதலில் சொல்லிவிட்டு மற்றவற்றைப் பின்னால் சேர்க்கும் பழக்கம் வந்துவிட்டாலே திக்கல் பாதியாகக் குறையும்.

இரண்டாவது, 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்கள். தமிழில் நான்காம் வேற்றுமையில் ஒரே அச்சில் வரும் இவை, ஆங்கிலத்தில் மூன்று வேறு வடிவங்களாகப் பிரிகின்றன. 'எனக்குத் தெரியும்' என்பது 'ஐ நோ'. 'எனக்குப் பசிக்கிறது' என்பது 'ஐ ஆம் ஹங்ரி'. 'எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்' என்பது 'ஐ ஹேவ் டூ யங்கர் சிஸ்டர்ஸ்'. நீங்கள் அன்றாடம் பேசும் 'எனக்கு' வாக்கியங்கள் இருபதை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் இந்த மூன்றில் எந்த வடிவத்தில் சேர்கிறது என்று பிரித்துப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். பலன் நெடுநாள் நிற்கும்.

மூன்றாவது, எல்லா வினைகளுக்கும் 'இங்' சேர்த்துவிடும் பழக்கம். 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்றெல்லாம் நம் வாயில் வருகிறது. இதைத் தவிர்க்கத் தமிழே வழி சொல்கிறது. அதே வாக்கியத்தில் 'கொண்டிருக்கிறது' சேர்த்துப் பாருங்கள். 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்றோ, 'எனக்கு இரண்டு தங்கைகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்றோ எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். தமிழ்க் காதுக்கு ஒவ்வாத அந்த இடங்களில் ஆங்கிலத்திலும் பெரும்பாலும் 'இங்' வராது.

நான்காவது, நீண்ட வாக்கியம். 'காலையில் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்து வேலைக்குப் போனேன்' என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போவது தமிழின் அழகு. அதை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுவர முயல்பவர் நடு வழியில் சிக்கிக்கொள்கிறார். ஒவ்வோர் எச்சத்தையும் முற்றாக்கி, தனித்தனிச் சிறு வாக்கியங்களாகச் சொல்லிவிடுங்கள். ஐந்தாவது, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ' (a), 'த' (the) என்ற சொற்கள். இவை தமிழில் இல்லாததால் அவை எளிதில் வசப்படா. அவற்றைத் தவறவிட்டாலும் பொருள் கெடுவது அரிது என்பதால், முதல் ஆண்டில் அவற்றுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒலியைப் பற்றிய அச்சம்

உச்சரிப்புதான் பலரையும் வாயடைக்க வைக்கிறது. இங்கேயும் நம் மொழியிலேயே விடை இருக்கிறது. தமிழில் 'ப' என்ற ஓர் எழுத்து இரண்டு ஒலிகளுக்குப் பயன்படுகிறது. ஆங்கிலத்தில் அவை p, b என்று வேறு வேறு எழுத்துகள். அதனால் ஊசியைக் குறிக்கும் 'பின்' என்ற சொல்லும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் 'பின்' என்ற சொல்லும் நம் எழுத்தில் ஒன்றாகவே தெரிகின்றன. ஆனால் நம் வாய்க்கு இரண்டு ஒலிகளும் தெரியும். 'பம்பரம்' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' வன்மையாகவும், 'ம்' என்பதை அடுத்து வரும் இரண்டாவது 'ப' தொண்டை அதிர மென்மையாகவும் ஒலிக்கும். கழுத்தில் விரலை வைத்தால் அந்த அதிர்வு தெரியும். அந்த இரண்டாவது 'ப'வைப் பிடித்துச் சொல்லின் தொடக்கத்தில் வைத்தால் குப்பைத்தொட்டி கிடைத்துவிடும். 'தங்கம்' என்ற சொல்லில் வரும் 'க', 'மஞ்சள்' என்ற சொல்லில் வரும் 'ச', 'வண்டு' என்ற சொல்லில் வரும் 'ட' ஆகியவற்றையும் இதே முறையில் சொல்லின் முதலுக்குக் கொண்டுவந்து பழகலாம்.

சொல்லின் இறுதியில் நாம் உகரம் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. தமிழ்ச் சொற்கள் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்களில் முடிவதில்லை. ஆகவேதான் 'புக்' என்பது 'புக்கு' என்றும், அதே பழக்கத்தில் 'பஸ்' என்பது 'பஸ்ஸு' என்றும் ஆகின்றன. இது உங்கள் நாக்கின் குறை அன்று. தொல்காப்பியக் காலத்திலிருந்து வரும் இலக்கணம். ஆங்கிலம் பேசும்போது மட்டும் கடைசி மெய்யில் வாயை நிறுத்திக்கொள்ளப் பழகுங்கள். அதேபோல 'எவ்ரி' என்பது 'யெவ்ரி' என்றும், 'ஓன்லி' என்பது 'வோன்லி' என்றும் வருகின்றனவா என்று உங்கள் பதிவில் கேட்டுப் பாருங்கள். 'ஃப' ஒலிக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். கண்ணாடி முன் நின்றால் ஒரு நாளில் வந்துவிடும்.

தனித்தனி ஒலிகளைவிட, அசை அழுத்தம்தான் பிறருக்குப் புரிவதைத் தீர்மானிக்கிறது. தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் அழுத்த வேண்டிய இடம் உண்டு. 'ஹோட்டல்' என்பதில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம், அங்கே இரண்டாவதை அழுத்த வேண்டும். 'இன்ஜினியர்' என்பதில் கடைசி அசைக்கு அழுத்தம். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசைக்கு வரும் அழுத்தம், புகைப்படம் எடுப்பவரைக் குறிக்கும் சொல்லில் இரண்டாம் அசைக்கு நகர்கிறது. புதிய சொல்லைக் கற்கும்போதே கைப்பேசி அகராதியில் அதை ஒலிக்கவிட்டு, அழுத்தம் வரும் அசைக்குக் கீழே கோடு இட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரரின் குரலை நடிக்க முயல வேண்டாம். தமிழ்ச் சாயலுடன் தெளிவாகப் பேசுபவரை எவரும் புரிந்துகொள்வார்கள்.

எத்தனை சொற்கள் போதும்

டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றி, வங்காள மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதில் நெடுநாள் அனுபவம் பெற்ற மைக்கேல் வெஸ்ட் என்பவர், கற்பவர்களுக்கு முதலில் தேவைப்படும் சுமார் 2,000 ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1953இல் வெளியிட்டார். அந்தப் பட்டியலை இணையத்தில் தேடி எடுத்துப் பார்த்தால், அதில் கணிசமான பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதைக் கண்டு வியப்படைவீர்கள். தெரிந்தவற்றுக்குக் குறியிட்டுக்கொண்டே போங்கள். அந்தக் குறிகளும் நான் முன்பு சொன்ன சான்றுகளில் சேரும். தேர்வுக்கென்று விற்கப்படும் அரிய சொற்களின் பட்டியல்களை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

எஞ்சிய சொற்களை நினைவில் நிறுத்த, ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய பெட்டி முறை நல்லது. காலணி வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை ஐந்து அறைகளாகத் தடுத்துக்கொள்ளுங்கள். திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கத்தை வெட்டிச் சிறு அட்டைகள் செய்துகொள்ளலாம். ஒரு பக்கம் தமிழ் வாக்கியம், மறு பக்கம் அதற்குரிய ஆங்கில வாக்கியம். தனிச் சொல்லாக எழுதாமல் வாக்கியமாகவே எழுதுங்கள். 'ஒத்திவைத்தல்' என்பதைவிடத் 'தேர்வை ஒத்திவைத்துவிட்டார்கள்' என்ற அட்டைதான் தேவைப்படும் நேரத்தில் வாய்க்கு வரும். புதிய அட்டைகள் எல்லாம் முதல் அறையில் இருக்கும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை இரண்டு நாளுக்கொரு முறை, மூன்றாவதை வாரம் ஒரு முறை, நான்காவதை இரு வாரத்துக்கு ஒரு முறை, ஐந்தாவதை மாதம் ஒரு முறை எடுப்பது என் வழக்கம். கைப்பேசியில் இதே வேலையைச் செய்யும் செயலிகள் இருந்தாலும், ஐந்தாம் அறை கனத்துக்கொண்டே வருவதைக் கையால் தூக்கிப் பார்ப்பதில் ஒரு நிறைவு உண்டு.

உங்கள் தொழிலின் ஆங்கிலத்தை முதலில் பிடியுங்கள். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த பெண் ஒருவரை எனக்குத் தெரியும். ஆடைகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதச் சொன்னபோது முதல் வாரம் முழுவதும் அழுதிருக்கிறார். பிறகு, நிறுவனத்தின் பழைய மின்னஞ்சல்களைத் திறந்து, சாம்பிள் அனுப்பியதைத் தெரிவிப்பது, துணியின் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை) குறைந்ததை விளக்குவது, ஷிப்மெண்ட் தேதியை ஒரு வாரம் தள்ளக் கேட்பது என்று திரும்பத் திரும்ப வந்த நாற்பது வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். தேதியையும் எண்ணையும் மாற்றிக்கொண்டு அந்த நாற்பதைக் கொண்டே ஆறு மாதம் வேலை செய்தார். அந்தத் தொழிலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அதிகம். மொழி அதைப் பின்தொடர்ந்து வந்து சேர்ந்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத் தாளில் தேறாமல் உதவித்தொகையை இழந்த ராமானுஜன், சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தபடி 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதமும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதுதான். ஹார்டியின் கவனத்தை ஈர்த்தது அதிலிருந்த கணிதம். சொல்வதற்குச் செய்தி வைத்திருப்பவரின் ஆங்கிலத்தை எதிரில் இருப்பவர் பொறுமையாகவே கேட்கிறார்.

எதைப் படிப்பது, எதைக் கேட்பது

ஆங்கில நாளிதழை நாள்தோறும் படி என்பது எல்லோரும் சொல்வது. தொடக்கநிலையில் அது ஊக்கத்தைக் கெடுக்கும். ஒரு பத்தியில் பத்துச் சொற்கள் தெரியாவிட்டால் மனம் சோர்ந்துவிடும். இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டுக்கும் ஒரே பாடத்திட்டத்தில் அச்சாகின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் தமிழில் படித்துத் தேர்ந்த எட்டாம் வகுப்பு அறிவியல் நூலின் ஆங்கிலப் பதிப்பை எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்தால் போதும். பொருள் ஏற்கெனவே கைவசம் இருப்பதால் தெரியாத சொல் வந்தாலும் தடுமாற்றம் இருக்காது. அடுத்து ஒன்பதாம் வகுப்பு வரலாறு, பத்தாம் வகுப்பு புவியியல் என்று ஏறிச் செல்லலாம்.

கதை படிக்க விரும்புபவர்கள் நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குத் தயங்காமல் செல்லுங்கள். சென்னைக் கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் அத்தகைய பிரிவுகள் உள்ளன. தங்கைக்கோ மகனுக்கோ எடுப்பதாக எண்ணிக்கொள்வார்கள் என்றுகூடச் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. தனக்காகத்தான் எடுக்கிறேன் என்று நிமிர்ந்து எடுக்கலாம். தினமும் பத்து நிமிடம் வாய்விட்டுப் படியுங்கள். வாய்க்குள் முணுமுணுப்பதால் நாக்குப் பழகாது.

கேட்பதற்கும் இதே கொள்கைதான். நம் ரயில் நிலையங்களில் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று தமிழில் வரும் அறிவிப்பு, அதே செய்தியோடு ஆங்கிலத்திலும் வருகிறது. முதலில் தமிழில் கேட்டு வண்டி எண்ணையும் நடைமேடையையும் தெரிந்துகொண்டு, அடுத்து ஆங்கிலத்தில் வரும்போது ஒவ்வொரு சொல்லாகப் பிடியுங்கள். செய்திகளையும் அப்படியே, இரவில் தமிழில் கேட்டதை மறுநாள் காலை ஆங்கிலத்தில் கேளுங்கள். பி.பி.சி. 1943 முதல் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே நிகழ்ச்சிகள் நடத்திவருகிறது; அவற்றில் சில நிமிடங்களே நீளும் உரையாடல்கள் உண்டு. ஒரே உரையாடலை ஒரு வாரம் முழுவதும் கேட்பது, ஏழு உரையாடல்களை ஒரே ஒரு முறை கேட்பதைவிட நல்லது.

பேச நேரும்போது

பேச்சு நடுவில் சொல் வராமல் நின்றுவிடும் அந்த இரண்டு நொடிதான் எல்லோரையும் அச்சுறுத்துகிறது. அதற்கென்றே மூன்று வாக்கியங்களைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லும் அளவுக்குப் பழகிவையுங்கள். புரியாதபோது: 'குட் யூ ஸே தட் அகெய்ன், ப்ளீஸ்?' யோசிக்க நேரம் வேண்டும்போது: 'லெட் மீ திங்க் ஃபார் எ மொமெண்ட்.' சொல் கிடைக்காதபோது: 'ஐ டோன்ட் நோ த வேர்ட், பட் இட் இஸ் யூஸ்டு ஃபார்...' என்று தொடங்கி, அந்தப் பொருளின் பயனை விவரித்துவிடுங்கள். தமிழில் 'ங்க' சேர்த்தால் மரியாதை வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது 'குட் யூ', 'ப்ளீஸ்' போன்றவை. 'ஐ வாண்ட்' என்று தொடங்கினால் அதட்டுவது போலத் தோன்றும்.

பேசிப் பழக ஒருவர் போதும். உங்களைப் போலவே கற்க விரும்பும் நண்பர் ஒருவருடன் வாரம் இரு முறை இருபது நிமிடம் தொலைபேசியில் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவதாக ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். பேச்சு நடக்கும்போது ஒருவரையொருவர் திருத்தக் கூடாது. முடிந்தபின் ஆளுக்கு ஒரு பிழையை மட்டும் சொல்லலாம். நண்பர் கிடைக்கவில்லையென்றால், வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து, உங்களுக்கு உண்மையிலேயே இருக்கும் ஐயம் ஒன்றைக் கேளுங்கள். முகம் தெரியாதவர், பொறுமையாகப் பதில் சொல்வதே அவருடைய பணி. தொடக்கப் பயிற்சிக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை.

சிரிப்பவர்களும் இருப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் உறவினர்களாகவோ உடன் படித்தவர்களாகவோ இருப்பது வேதனையான உண்மை. என் சித்தப்பா மகன் ஒருவன் எல்லோர் முன்னிலையிலும் என் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லிக் காட்டினான். அன்று இரவு அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதி, அதில் என்ன பிழை என்று பார்த்தேன். 'டிட்' வந்த பிறகும் வினையை இறந்தகாலத்தில் சொல்லியிருந்தேன். பிழையை எடுத்துக்கொண்டேன், சிரிப்பை விட்டுவிட்டேன். தொடங்கி ஓராண்டு ஆகும்வரை, கேலி செய்யக்கூடியவர்கள் முன்னிலையில் பயிற்சி செய்யாமல் இருப்பது கோழைத்தனம் ஆகாது. நாற்றுக்கு வேலி போடுவதைப் போன்றதே அது.

சோர்வு வரும் மாதம்

மூன்றாவது அல்லது நான்காவது மாதத்தில் எல்லாம் நின்றுவிட்டதைப் போல ஒரு காலம் வரும். தொடக்கத்தில் வேகமாகச் சேர்ந்த சொற்கள் இப்போது சேரவில்லை என்று தோன்றும். முன்பு உணராத பிழைகள் எல்லாம் இப்போது காதில் விழும். காது, நாக்கைவிட முன்னால் சென்றுவிட்டதன் அறிகுறி இது. முப்பது நாளில் சரளமான ஆங்கிலம் என்ற விளம்பரங்களை நம்பித் தொடங்கியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். இந்த மாதத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். பெட்டியில் உள்ள அட்டைகளையும் இரவுப் பதிவையும் மட்டும் தொடருங்கள்.

வேலைப்பளுவாலோ வீட்டு விசேஷங்களாலோ இரண்டு வாரம் விடுபட்டுப்போனால், விட்ட பாடங்களை ஈடுசெய்ய முயல வேண்டாம். திரும்பி வரும் முதல் நாளில், தேதியிட்டு வைத்த முதல் மாதப் பதிவைக் கேளுங்கள். அடுத்து, கடைசியாகச் செய்த பதிவைக் கேளுங்கள். பிறகு ஒலிப்பதிவை அழுத்தி, இந்த இரண்டு வாரமும் எங்கே போனீர்கள், என்ன செய்தீர்கள் என்பதை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தூங்கச் செல்லுங்கள்.